கைமாறிய கணினியும் கள்ள மென்பொருளும்

பழைய வண்டி வாங்குபவர் அதன் உரிமைப் பத்திரத்தைக் கேட்கிறார். நிலம் வாங்குபவர் பட்டாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பழைய தையற்பொறி வாங்கும் அம்மையார்கூட, ‘இது யார் வீட்டுப் பொருள்?’ என்று ஒரு சொல் கேட்ட பிறகே முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். பழைய கணினி வாங்கச் செல்லும் நாமோ விலையைக் கேட்கிறோம், திரை ஒளிர்கிறதா என்று பார்க்கிறோம், அத்துடன் திரும்பிவிடுகிறோம். அதனுள்ளே இருக்கும் மென்பொருள் யாருடையது என்று கேட்பவர் மிகச் சிலரே.

அவ்வாறு கேளாதவருள் நானும் ஒருவன். நான் பணியாற்றுவது செபராங் பிறையில், செம்பனை மரங்களின் நடுவே உள்ள ஒரு தோட்டப் பள்ளியில். எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் விருந்து நடத்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு, படகேறி ஜார்ஜ்டவுனுக்குச் சென்று, ஆறு பழைய கணினிகளை வாங்கி வந்தோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். நானும் மகிழ்ந்தேன்.

இரண்டாம் வாரத்தில் எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்காக வந்திருந்த இளம் ஆசிரியை என் அறைக்கு வந்து நின்றார். “ஐயா, இந்தக் கணினிகளில் நச்சுநிரல் காவல் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. திறந்துவிட்டாலும் தானே மூடிக்கொள்கிறது. நான்கு கணினிகளில் ஒரே திருட்டுச் சாவியைப் போட்டிருக்கிறார்கள்” என்றார். கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “எல்லாருக்கும் இப்படித்தான் கொடுக்கிறோம், ஐயா. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” என்பதே விடை.

அன்று மாலை பள்ளியின் சொத்துப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணினி ஆறு என்று எழுதினேன். அதில் உள்ள மென்பொருள் எது, எவ்வழி வந்தது என்று எழுதவேண்டிய இடத்தில் எழுதுகோல் ஓடவில்லை. அதன் கீழே கையொப்பம் இடவேண்டியவன் நான். அதற்கு முன் வாரந்தான் ஆறாம் ஆண்டு மாணவர்க்குத் திருக்குறளில் ‘கள்ளாமை’ அதிகாரத்தை நடத்தி முடித்திருந்தேன். அந்த வெற்றிடத்தை எப்படி நிரப்பினேன் என்பதே இக்கட்டுரை. இத்தகைய வெற்றிடம் வேறு பள்ளிகளின் பதிவேடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

பொறி வேறு, நூல் வேறு

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கணினி என்பது பொறி. மென்பொருள் என்பது அதனை இயக்கும் எழுத்து. பொறியை விலைகொடுத்து வாங்கினால் பொறி நமதாகும். எழுத்து அவ்வாறு ஆவதில்லை. ஓர் அகராதியை வாங்கியவர் அதனைப் படிக்கலாம், பிறருக்கு விற்கலாம். அச்சிட்டுப் பரப்பும் உரிமை அவருக்கில்லை. மென்பொருளிலும் நாம் பெறுவது பயன்படுத்தும் அனுமதியே. அவ்வனுமதியின் பெயர் உரிமம்.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வகையிலேயே அடக்குகிறது. ‘கணக்குப் போடும் நிரலும் இலக்கியமா?’ என்று தமிழாசிரியர் புன்னகைக்கலாம். ஆயினும் ஒரு மனிதர் உட்கார்ந்து, சிந்தித்து, வரிவரியாக எழுதியதுதானே அதுவும்?

இதை நமக்கு நன்கு பழகிய ஒன்றோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நூலுக்குப் பாயிரம் இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்குச் சொல்லும் செய்திகளுள் நூலை ஆக்கியவர் யார், அது எவ்வழி வந்தது, எந்த எல்லையில் வழங்குவது, அதனைக் கேட்டற்குரியவர் யார் என்பனவும் அடங்கும். மென்பொருளின் உரிமமும் இவற்றைத்தான் கூறுகிறது. செய்தவர் யார், யார் வழியாக நம் கைக்கு வந்தது, எத்தனை கணினிகளில் இயக்கலாம், யார் பயன்படுத்தலாம் என்பன அதில் இருக்கும். ஆகவே உரிமத்தை மென்பொருளின் பாயிரம் எனலாம். பாயிரம் கிழிக்கப்பட்டு, ஆக்கியோன் பெயர் அழிக்கப்பட்டு வரும் ஏட்டைத் தமிழாசிரியர் ஐயத்தோடு பார்ப்பார் அல்லவா? அந்த ஐயம் கணினியிலும் நமக்கு வேண்டும்.

பழைய கணினிகளில் இக்குறை ஏன் மிகுதி?

அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் கழிக்கும் கணினிகளே பெரும்பாலும் கடைக்கு வருகின்றன. பெரிய நிறுவனங்கள் மென்பொருளுக்கு மொத்தமாக உரிமம் எடுக்கின்றன. கணினியைக் கழித்துவிடும்போது அந்த மொத்த உரிமம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. வட்டைத் துடைத்து வெறுங்கணினியாகக் கொடுத்தால் வாங்குவார் குறைவு என்றெண்ணும் வணிகர், எங்கிருந்தோ பெற்ற படியை அதில் ஏற்றி, உரிமம் கேட்கும் பூட்டை உடைக்கும் நிரல் ஒன்றையும் சேர்த்துவிடுகிறார்.

இப்போது அத்தகைய கணினிகள் கடைகளில் குவிவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிந்தது. அடுத்ததான விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. ஆதலின் நன்றாக ஓடும் கணினிகளும் கழிக்கப்படுகின்றன. ஏழைப் பள்ளிக்கு இது நல்வாய்ப்பு. வாய்ப்போடு வரும் கள்ளச் சரக்கை மட்டும் விலக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்நோய் நம்மிடையே சிறிதன்று. மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2017இல் மலேசியக் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருளில் 51 விழுக்காடு உரிமம் அற்றது. விற்போர் தரப்புக் கணக்கு இது என்பதை நினைவில் வைத்து இதில் சிறிது கழித்தாலும், எஞ்சுவது பெரிதே.

சட்டம் சொல்வது

உரிமமற்ற படியை விற்பது குற்றம் என்பது பலர் அறிந்ததே. வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்பதை அறிந்தவர் குறைவு. பதிப்புரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, சொந்த வீட்டுப் பயனுக்கு அன்றி வேறு வகையில் கள்ளப் படியை வைத்திருப்பதைக் குற்றமாகக் கூறுகிறது. தண்டம் ஒவ்வொரு படிக்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் 20,000 வெள்ளி வரை; அல்லது ஐந்தாண்டு வரை சிறை; அல்லது இரண்டும். ஒரே படைப்பின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கள்ளப் படிகள் ஒருவரிடம் இருந்தால், அவை வீட்டுப் பயனுக்கு அல்ல என்றே சட்டம் முதலில் கொள்ளும். பள்ளி என்பது வீடன்று. எங்களிடம் இருந்தவையோ நான்கு.

நல்லெண்ணத்துடன் நடந்தவர்க்குச் சட்டம் இடமும் தருகிறது. உரிமை மீறப்படுகிறது என்று கருத நியாயமான காரணம் தமக்கு இருக்கவில்லை என்று மெய்ப்பிப்பவர் தப்பலாம். எனவே அறியாமல் வாங்கியவர் நிலை ஒன்று. அறிந்த பின்னும் வைத்திருப்பவர் நிலை வேறு. அந்த இளம் ஆசிரியை என் அறையில் சொல்லி முடித்த நொடியில் நான் முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டேன். ‘கடைக்காரர் செய்தது’ என்று அதன்பின் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

இதனை வெறும் அச்சுறுத்தல் என்று கொள்ளவேண்டா. நம்மைப் போன்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நேர்ந்த கதை உண்டு. உருசிய நாட்டின் பெர்ம் வட்டாரத்தில் செப்பிச் என்னும் சிற்றூர்ப் பள்ளியின் தலைவர் அலெக்சாண்டர் பொனோசோவ். அவர் பள்ளிக்கு வந்த பன்னிரண்டு கணினிகளில் உரிமமற்ற விண்டோஸ் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. இழப்பு 266,000 ரூபிளுக்கு மேல் என்று கணக்கிட்டனர். கணினிகள் அந்நிலையிலேயே வந்தன, தமக்கு ஒன்றும் தெரியாது என்றார் அவர். 2007 பிப்ரவரியில் மிக்கையில் கோர்பசேவ் அவருக்காகப் பில் கேட்சுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அம்மாதமே வழக்கு அற்பமானது என்று தள்ளப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பின் மீண்டும் விசாரிக்கப்பட்டு, மே மாதத்தில் 5,000 ரூபிள் தண்டம் விதிக்கப்பட்டது. 2008 திசம்பரில்தான் அவர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று. இறுதியில் வென்றார், ஆயினும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவேண்டிய ஒருவர் ஏறத்தாழ ஈராண்டு நீதிமன்றப் படியேறினார். பிற்பாடு அவர் கட்டற்ற மென்பொருளுக்காகப் பாடுபடும் ஒருவரானார். அது பற்றிப் பின்னர்க் காண்போம்.

பூட்டு உடைந்த வீடு

‘பெரிய நிறுவனத்துக்கு நான்கு படியால் என்ன குறைந்துவிடும்?’ என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நிறுவனத்தை விடுங்கள், நமக்கு என்ன குறையும் என்று பார்ப்போம்.

உரிமப் பூட்டை உடைக்கும் நிரல், கணினியின் காவலை முதலில் அணைக்கச் சொல்கிறது. உள்ளே விட்டவுடன் அது என்ன செய்கிறது என்பது அதை எழுதியவருக்கே வெளிச்சம். கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் இவ்வழியில் நுழைவது வழக்கம். நம் பள்ளிக் கணினியில் மாணவரின் பிறப்புச் சான்று எண்ணும், பெற்றோரின் வருமானக் கணக்கும், தேர்வுத் தாளும் இருக்கின்றன.

அன்றியும், பூட்டு மீண்டும் விழுந்துவிடும் என்ற அச்சத்தால் பலர் திருத்தங்களை வரவிடாமல் தடுத்து வைக்கின்றனர். அதன் விளைவை 2017இல் உலகம் கண்டது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது. மே 12ஆம் நாள் ‘வானாக்ரை’ என்னும் பிணைப்பண நிரல் அதே ஓட்டை வழியாகப் பரவி, 150க்கு மேற்பட்ட நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. உரிய காலத்தில் திருத்தம் பெற்ற கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் நுழைய இயலவில்லை. பெறாதவை அகப்பட்டுக்கொண்டன.

செய்யவேண்டியவை

இனி, கைமாறிய கணினி ஒன்று நம் மேசைக்கு வந்தால் செய்யவேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, வாங்குமுன் கேட்பது. ‘இதில் என்ன இயங்குதளம், அதன் உரிமம் கணினியோடு வருகிறதா?’ என்று கேட்டு, விடையை இரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம், ‘வட்டை வெறுமையாக்கிக் கொடுங்கள், விலையைச் சிறிது குறையுங்கள்’ என்று கேட்பது நன்று.

இரண்டாவது, பாயிரத்தைத் தேடுவது. தயாரிப்பாளரே விண்டோஸ் ஏற்றி விற்ற கணினியாயின் அந்த உரிமம் அக்கணினியோடு பிணைந்தது. கணினி கைமாறினால் அதுவும் உடன் வரும். விண்டோஸ் 7 காலம் வரை, 25 எழுத்துகளும் எண்களும் கலந்த சாவி அச்சிட்ட ஒட்டுச்சீட்டு கணினியின் உடலில் இருக்கும். விண்டோஸ் 8 முதல் பெரும்பாலும் சாவி தாய்ப்பலகையின் நினைவிலேயே பதிந்திருக்கிறது. அமைப்புகள் பகுதியில் ‘செயல்படுத்தல்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். நிறுவனங்களுக்குரிய மொத்த உரிமத்தால் இயங்குவதாக அங்கே தெரிந்தால், அது நம்முடையது அன்று. அவ்வகை 180 நாளுக்குள் நிறுவனத்தின் வழங்கியிடம் புதுப்பித்துக்கொள்ள வேண்டியது. பூட்டுடைக்கும் நிரல்களுள் பல அந்த வழங்கியைப் போலவே நடிப்பவை.

மூன்றாவது, துடைப்பது. பூட்டுடைக்கும் நிரலை மட்டும் நீக்கினால் போதாது. அது உள்ளே எவற்றை விட்டுச் சென்றது என்று கண்டறிவது கடினம். ஆகையால் வேண்டிய எழுத்துக் கோப்புகளை மட்டும் விரலியில் எடுத்துக்கொண்டு, வேறொரு நல்ல கணினியில் அவற்றைச் சோதித்து, வட்டு முழுவதையும் அழித்துவிட வேண்டும். நிரல் கோப்புகளை எடுத்துவைக்க வேண்டா.

நான்காவது, மீண்டும் ஏற்றுவது. மெய்யான உரிமம் உள்ள கணினிக்கு, மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே நிறுவல் கோப்பை விலையின்றி இறக்கிக்கொள்ளலாம். சாவிதான் பொருள், கோப்பு அன்று. உரிமம் இல்லாததற்கு இரண்டு வழி: உரிமத்தை விலைக்கு வாங்குவது, அன்றேல் கட்டற்ற மென்பொருளை ஏற்றுவது.

எங்கள் ஆறு கணினிகளுள் இரண்டில் தாய்ப்பலகையிலேயே மெய்யான உரிமம் இருந்தது. அவை விண்டோஸ் 11ஐ ஏற்கவும் தக்கவை. கடைக்காரர் அதனைப் பாராமலே அவற்றிலும் கள்ளப் படியை ஏற்றியிருந்தார்! எஞ்சிய நான்குக்கும் உரிமம் வாங்கச் சங்கத்திடம் பணம் இல்லை.

கட்டற்ற மென்பொருள்

1976 பிப்ரவரியில், இருபது வயது இளைஞராக இருந்த பில் கேட்சு, தம் நிறுவனம் எழுதிய ‘பேசிக்’ நிரலைக் கணினி ஆர்வலர்கள் விலை கொடாமல் படியெடுக்கின்றனர் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். எழுதியவர்க்குக் கூலி வேண்டாவா என்பது அவர் வினா. 1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் இசுட்டால்மன், எல்லாரும் இயக்கவும், கற்கவும், படியெடுத்துக் கொடுக்கவும், திருத்தி வெளியிடவும் உரிமையுள்ள மென்பொருள்களைப் படைக்கப் போவதாக அறிவித்தார். பின்லாந்தில் மாணவராக இருந்த லினசு தோர்வால்டுசு 1991இல் வெளியிட்ட லினக்சு கருவும் அம்முயற்சியின் கருவிகளும் சேர்ந்து முழு இயங்குதளமாயின.

இவ்விருவரும் எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள். ஆயினும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றனர். இருவர் உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின்மேல்தான் நிற்கிறது. ஒருவர், ‘என் அனுமதியின்றி எடுக்காதே’ என்கிறார். மற்றவர், ‘எடு, கொடு, திருத்து, உனக்குக் கிடைத்த அந்த உரிமையை அடுத்தவர்க்கும் மறுக்காதே’ என்கிறார். கள்ளப் படியை வைத்திருப்பவர் இருவரையுமே மதிக்கவில்லை.

தமிழாசிரியருக்கு இரண்டாவது முறை புதிதன்று. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலைத் தொகுத்தும், விரித்தும், தொகுத்து விரித்தும், மொழிபெயர்த்தும் செய்யலாம் என்று வகுக்கிறது. முன்னோர் நூலை எடுத்தாள்வதும் திருத்தி வளர்ப்பதும் நம் மரபில் குற்றமல்ல. வழியை மறைப்பதே குற்றம். லினக்சு இயங்குதளங்கள் அவ்வகையில் வழிநூல்களே. நாங்கள் ஏற்றிய லினக்சு மின்டு, உபுண்டுவின் வழி வந்தது. உபுண்டு, டெபியன் வழி வந்தது. அதனை எவரும் மறைப்பதில்லை.

நான்கு கிகாபைட்டு நினைவகம் உள்ள பழைய கணினியில் அதன் எளிய வகை தாராளமாக ஓடுகிறது. எழுத்துப் பணிக்கு 2010இல் தோன்றிய லிப்ரே ஆபிசு இருக்கிறது. அதன் பட்டிகளைத் தமிழிலேயே காணலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையும் இதில் உண்டு. ஒருங்குறி எழுத்துருக்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. எழுத்துருவும் ஒருவர் வரைந்த படைப்பே. ஆதலின் அவற்றையும் கண்ட இடத்தில் படியெடுக்காமல், உரிமம் பார்த்தே ஏற்றவேண்டும். அலுவல் மென்பொருள் தேவைப்படும் நம் நாட்டு ஆசிரியர்க்கு இன்னொரு வழியும் உண்டு. கல்வியமைச்சு 2020இல் தொடங்கிய டெலிமா தளத்தின் கணக்கைக் கொண்டு, கூகுள், மைக்ரோசாப்ட் கருவிகளை உலாவியிலேயே முறைப்படி பயன்படுத்தலாம்.

குறைகளையும் கூறிவிடுகிறேன். விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட சில பாட நிரல்கள் லினக்சில் ஓடவில்லை. வேறிடத்தில் தயாரித்த தேர்வுத் தாளைத் திறந்தால் பக்க அமைப்புச் சிறிது கலைகிறது. பழைய எழுத்துருக்களில் தட்டிய வினாத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்ற எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. முதல் மாதம் ஆசிரியர்கள் முணுமுணுத்தனர். பிள்ளைகள் முணுமுணுக்கவில்லை, அவர்களுக்கு எல்லாக் கணினியும் புதிய கணினியே.

பள்ளி வறியது என்பது உண்மை. வறுமைக்கு இரங்கித் தம் உழைப்பைத் தாமே பொதுவில் வைத்த நல்லோர் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, வைக்காதவருடையதை நாம் ஏன் திருடவேண்டும்? இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இருந்தாலும் அதனை மாணவர் முன் சொல்ல இயலாது.

வட்டுகளைத் துடைத்து முடித்த வெள்ளிக்கிழமை மாலை, பதிவேட்டை மறுபடியும் எடுத்தேன். இரண்டு கணினிகளுக்கு நேரே ‘விண்டோஸ் 11, கணினியோடு வந்த உரிமம்’ என்றும், நான்கு கணினிகளுக்கு நேரே ‘லினக்சு மின்டு, பொது உரிமம், விலை இல்லை’ என்றும் எழுதிக் கையொப்பம் இட்டேன். அந்தப் பயிற்சி ஆசிரியையைச் சாட்சியாக ஒப்பமிடச் சொன்னேன். அவர் நாளை ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆகக்கூடும். அன்று அவர் பதிவேட்டிலும் இந்த இடம் வெற்றிடமாக இராது என்று நம்புகிறேன்.